மாத்திரையைக் குறைக்காதீர்கள், சீட்டை மாற்றுங்கள்

கொங்கு மண்டலத்தின் தொழில் நகரம் ஒன்றிலிருந்து 44 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார். கணவரும் அதே தொழிலில் டெய்லர். அவருக்கு ஒன்பது மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அந்தச் செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கழிந்துவிட்டது. அதற்குப் பின் வந்த மாத்திரைச் செலவுதான் கழியவில்லை. மாமியாருக்கு 68 வயது. சுகர், பிரஷர், தைராய்டு மூன்றும் உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 5,800 ரூபாய் மெடிக்கலுக்கே போகிறது. கணவர் இப்போது பாதி ஷிப்ட்தான் பார்க்கிறார்.

அவர் கடிதத்திலிருந்து சில வரிகள்: "மாசக் கடைசி வாரத்தில் கையில் காசு இருக்காது. அப்போது அவருக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் டப்பாவில் போடுவேன். அவருக்குத் தெரியாது. மாமியாருக்குச் சுகர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறேன். மலிவு விலையில் அரசே மருந்துக் கடை திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அரை நாள் லீவு போட்டுப் போனேன். சீட்டைப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் இங்கே இல்லை அம்மா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெரு மெடிக்கல்காரரிடம் சொன்னால், 'அதெல்லாம் மட்டமான சரக்கு, ஹார்ட் பேஷன்ட்டுக்குக் கொடுத்து ரிஸ்க் எடுக்காதீங்க' என்கிறார்."

கேட்டிருக்கும் கேள்விகள் இவை. மலிவு மருந்து உண்மையிலேயே வேலை செய்யுமா? அரசு நினைத்தால் எல்லா மெடிக்கலிலும் விலையைக் குறைக்க முடியாதா, ஏன் செய்யவில்லை? ஸ்டென்ட் வைத்த மருத்துவமனை தன் மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும் என்கிறதே, அது சட்டமா, வழக்குப் போடலாமா? காப்பீட்டு அட்டை இருந்தும் மாத்திரைக்கு ஏன் செல்லவில்லை? கடைசியில் ஒரு வரி: மாமியாரின் தைராய்டு மாத்திரையையும் மாற்றிவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

விலைப் பேச்சு அப்புறம். முதலில் இன்று இரவிலிருந்தே உங்கள் கணவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைகள் எல்லாவற்றையும் தினமும் கொடுங்கள். ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் வைத்திருக்கும் உலோக வலை. அதன்மேல் உடம்பின் சொந்தத் திசு படர்ந்து மூடும்வரை, ரத்தம் அந்த உலோகத்தின்மேல் உறைந்து குழாயை அடைக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தருகிறோம். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாக ஓராண்டாவது இரண்டையும் சேர்த்துத் தருவோம். உங்கள் கணவருக்கு ஒன்பது மாதம்தான் ஆகிறது. இந்தக் கட்டத்தில் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் வருவது சின்ன வலி இல்லை, பெரிய மாரடைப்பு. பலர் மருத்துவமனை வந்து சேர்வதே இல்லை.

உங்களைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. பள்ளிக்கூடப் பீஸ், வாடகை, மளிகை எல்லாவற்றையும் கட்டிவிட்டு மிஞ்சியதில் நீங்கள் கணக்குப் போட்டீர்கள். மாதக் கடைசியில் மாத்திரையைக் குறைக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. பெரும்பாலோர் மருத்துவரிடம் அதைச் சொல்வதே இல்லை. நீங்கள் எழுதிவிட்டீர்கள், அது நல்லது. விட்டுப்போன நாட்களை ஈடுகட்டுவதற்காக இரண்டு மாத்திரையாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இதய மருத்துவரிடம் "சில நாட்கள் விட்டுப்போனது" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். கணவருக்கும் சொல்லிவிடுங்கள். நெஞ்சில் ஏதாவது செய்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் உடனே 108-ஐ அழைக்க அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கையில் காசே இல்லாத நாள் வந்தால் மாத்திரையை விடாதீர்கள். சீட்டை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு அன்றாடம் கொடுக்கும் இந்த அடிப்படை மாத்திரைகள் அங்கே இலவசம். வெள்ளை ரேஷன் கார்டா, பச்சை கார்டா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அரசு ஏன் எல்லாக் கடையிலும் விலையைக் குறைக்கவில்லை?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது சரியான முகவரிக்குப் போகவில்லை. மருந்தின் உச்ச விலையை மாநில அரசு நிர்ணயிப்பதில்லை. அது ஒன்றிய அரசின் கையில், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்திடம் இருக்கிறது. 1997-ல் அமைந்த ஆணையம் அது. அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வந்த 2013-ம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு அது உச்சவரம்பு வைக்கிறது. 2022-ல் திருத்திய பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. உங்கள் கணவருக்குப் பொருத்திய ஸ்டென்ட்டுக்கும் 2017 பிப்ரவரியில் அதே ஆணையம்தான் கடிவாளம் போட்டது. அதற்கு முன் லட்ச ரூபாயைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அன்று 29,600 ரூபாய் என்று வரம்பு வந்தது. ஆக, விலைக் கட்டுப்பாடு வேலை செய்யும். செய்யவேண்டிய இடம் டெல்லி.

சரி, பட்டியலில் இருந்தும் ஏன் இவ்வளவு விலை? வரம்பு வைக்கும் முறையில்தான் அந்தக் கோளாறு இருக்கிறது என்பது என் கருத்து. 2013-க்கு முன், மருந்தைத் தயாரிக்க என்ன செலவு என்று பார்த்து விலை வைத்தார்கள். இப்போது சந்தையில் ஒரு விழுக்காடாவது பங்கு வைத்திருக்கும் எல்லா பிராண்டுகளின் விலையையும் கூட்டிச் சராசரி எடுத்து, அதன்மேல் கடைக்காரருக்கு 16 விழுக்காடு சேர்க்கிறார்கள். அந்தச் சராசரியிலேயே விலை உயர்ந்த பிராண்டுகளும் அடக்கம். அதனால் வரம்பு உச்சியை வெட்டுகிறதே தவிர, அடியில் இருக்கும் உண்மை விலைக்குக் கொண்டு வருவதில்லை. போதாததற்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் மொத்த விலைக் குறியீட்டை வைத்து வரம்பு மாறும். 2023-ல் ஒரேயடியாக 12 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. பட்டியலில் இல்லாத மருந்துக்கு வரம்பே கிடையாது. ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் கணவரின் சீட்டில் எனக்குக் கண்ணில் பட்டது இது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் ஒரே கேப்சூலில் அடைத்த கூட்டு மருந்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். மாமியாரின் சுகர் மாத்திரையும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்தது. தனித்தனியாக இந்த ஐந்தும் அத்தியாவசியப் பட்டியலில் உண்டு. ஆனால் கூட்டாகக் கலந்ததும் அந்தப் பொது உச்சவரம்பு அதற்குப் பொருந்துவதில்லை. சில கூட்டு மருந்துகளுக்குத் தனியே விலை குறித்திருந்தாலும், பல பிராண்டுகள் தாங்கள் வைத்ததே விலை என்று விற்கின்றன. ஒரு வேளைக்கு ஒன்றுக்குப் பதில் மூன்றாக விழுங்கினாலும் தனித்தனியாக வாங்கினால் செலவு இறங்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை எண்ணிக்கை கூடினால் மறந்துபோகும் என்பதால்தான் பலர் கூட்டாக எழுதுகிறார்கள். உங்கள் வீட்டில் டப்பாவில் எடுத்துவைக்க நீங்கள் இருக்கிறீர்கள், அதனால் அந்தக் கவலை குறைவு.

மாநிலத்தால் முடிந்தது எது?

விலையை அறிவிக்கும் அதிகாரம் இல்லாத மாநிலத்துக்கு இரண்டு வழி உண்டு. தானே மொத்தமாக வாங்கி இலவசமாகக் கொடுப்பது ஒன்று. குறைந்த விலையில் தானே கடை போட்டு விற்பது மற்றொன்று. தமிழ்நாடு இரண்டையும் செய்கிறது. முதலாவதில் நாம்தான் நாட்டுக்கே முன்னோடி.

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கியது. அதற்கு முன் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவதில் முறைகேடும் தட்டுப்பாடுமாக இருந்தது. கழகம் வந்தபின் மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், வேதியியல் பெயரில் மட்டுமே கொள்முதல், மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தன் ஒதுக்கீட்டில் வேண்டியதை எடுத்துக்கொள்ள ஒரு பாஸ்புக் என்று ஆனது. ஏழரைக் கோடிப் பேருக்கு ஒரே ஆள் பேரம் பேசினால் கம்பெனி என்ன விலைக்குக் கொடுக்கும் என்பதை அந்த முறை காட்டியது. கேரளம் இதைப் பார்த்துத் தன் கழகத்தை அமைத்தது. ராஜஸ்தான் 2011-ல் இதே முறையில் இலவச மருந்துத் திட்டமே தொடங்கியது.

இரண்டாவது வழியான கடை, கூட்டுறவு மருந்தகங்களாக ரொம்ப நாளாக இருக்கிறது. 2014-ல் அம்மா மருந்தகம் வந்தது. அவற்றில் கிடைத்தது பெரும்பாலும் பிராண்ட் மருந்துதான், அதன் எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி. 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகம் வேறு வகை. ஜெனரிக் மருந்தையே, அதாவது பிராண்ட் பெயர் இல்லாமல் வேதியியல் பெயரிலேயே வரும் மருந்தை, குறைந்த விலையில் விற்பதுதான் இதன் நோக்கம். பாதியைக் கூட்டுறவுச் சங்கங்களும், பாதியை அரசு மானியத்தோடு பி.பார்ம், டி.பார்ம் படித்த தொழில்முனைவோரும் நடத்துகிறார்கள். ஒன்றிய அரசின் மக்கள் மருந்தகமும் (ஜன் அவுஷதி) இதே வழியில்தான் இயங்குகிறது. இரண்டில் எது உங்கள் வீட்டுக்குப் பக்கமோ, எதில் உங்கள் மருந்து இருப்பில் உள்ளதோ அதில் வாங்குங்கள். அரசியல் பார்க்க வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. '20 சதவீதம் தள்ளுபடி' என்று போர்டு வைத்த தனியார் கடையும் இதுவும் ஒன்றல்ல. சில கடைகளில் 'ஜெனரிக் தருகிறேன்' என்று எடுத்துக் கொடுப்பார்கள். அந்த அட்டையில் பிராண்டுக்குச் சமமான எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கும். கடைக்காரர் வாங்கியது அதில் ஒரு பங்கு விலைக்கு. அவர் பெரிய மனதோடு குறைத்துக் கொடுத்தாலும் லாபம் அவருக்குத்தான். 'ஃபார்மா சஹி தாம்' என்ற விலை ஆணையத்தின் செயலியில் உச்சவரம்பையும், 'ஜன் அவுஷதி சுகம்' செயலியில் மக்கள் மருந்தக விலையையும் பார்க்கலாம். உங்கள் மகள் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவாள். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மலிவு என்றால் மட்டமா?

அடுத்த முறை மெடிக்கலிலிருந்து வந்ததும் அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் கலர் கலராக ஒரு பெயர். அதற்கு மேலோ கீழோ சின்ன எழுத்தில், எடுத்துக்காட்டாக, குளோபிடோக்ரல் டேப்லெட்ஸ் ஐ.பி., 75 மி.கி. என்பதுபோல் இருக்கும். அந்தச் சின்ன எழுத்துதான் மருந்து. பெரிய எழுத்து கம்பெனி வைத்த பெயர். பல அட்டைகளில் இன்னும் கீழே இரண்டு முகவரி இருக்கும். தயாரித்தவர் ஒருவர், சந்தைப்படுத்துபவர் இன்னொருவர். பெரிய கம்பெனிகளே பல மருந்துகளை வேறு ஆலைகளில் தயாரித்து வாங்கித் தங்கள் பெயரில் விற்கின்றன. உங்கள் கணவர் சாப்பிடும் எந்த மருந்துக்கும் இப்போது காப்புரிமை கிடையாது. நீங்கள் 'கம்பெனி மருந்து' என்று நம்பி வாங்குவதும் பெயர் சூட்டிய ஜெனரிக்தான். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி விளம்பரம், மருத்துவர்களைத் தேடி வரும் விற்பனைப் பிரதிநிதிகள், இடைத்தரகு லாபம் இவற்றுக்குப் போகிறது.

ஐ.பி. என்ற இரண்டெழுத்துக்குப் பொருள், இந்திய மருந்தியல் நூல் சொல்லும் தரத்துக்கு அது உட்பட்டது என்பது. பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் சட்டப்படி ஒரே அளவுகோல்தான்.

தரக்குறைவான மருந்தே நாட்டில் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒன்றிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் தரத்தில் தோற்ற மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் பெயரில்லாத கம்பெனியும் வரும், பெயர் பெற்ற கம்பெனியும் வரும். அதனால் விலையை வைத்துத் தரத்தை அளக்க முடியாது. சோதித்தார்களா என்பதுதான் கேள்வி. நம் மருத்துவப் பணிகள் கழகத்தின் முறை இது: கிடங்குக்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் மருத்துவமனைக்குப் போகும். தெருமுனை மெடிக்கலுக்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் விற்பனைக்கு முன் இப்படி ஒரு சோதனை நடப்பதில்லை. மக்கள் மருந்தகத்துக்கு வரும் மருந்தும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தேறியபின்தான் கடைக்கு வருகிறது. உங்கள் தெரு மெடிக்கல்காரர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் நீங்கள் மாறிவிட்டால் மாதம் 5,800 ரூபாய் வியாபாரம் அவருக்குப் போகிறது. இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் அவர் பயம் நியாயமானது. கணவரின் சீட்டில் உள்ள மெட்டோப்ரோலால், மெதுவாகக் கரையும் வகை. பெயருக்குப் பின்னால் எக்ஸ்.எல்., இ.ஆர். என்று ஏதாவது இருக்கும். அதே வகையைத்தான் வாங்க வேண்டும். சாதாரண மெட்டோப்ரோலாலைக் கொடுத்தால் மருந்து சீக்கிரமே கரைந்து முடிந்து, அடுத்த வேளைவரை தாங்காது. அப்படிப்பட்ட மாத்திரையை உடைத்துப் பொடித்துக் கொடுப்பதும் கூடாது.

உங்களைத் திருப்பி அனுப்பியது ஏன்?

அரை நாள் கூலி போனதில் உங்களுக்கு வந்த ஆத்திரம் நியாயம்தான். ஆனால் அந்தக் கடையில் இருந்தவர் தவறு செய்யவில்லை. மருத்துவர் சீட்டில் பிராண்ட் பெயர் எழுதியிருந்தால், சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய ஷெட்யூல் எச் வகை மருந்துக்குப் பதிலாக, உள்ளே இருப்பது அதே மருந்தாகவே இருந்தாலும், வேறொன்றை மாற்றிக் கொடுக்க 1945-ம் ஆண்டு மருந்து விதிகள் பார்மசிஸ்ட்டை அனுமதிப்பதில்லை. நடைமுறையில் பல கடைகள் மாற்றித் தருகின்றன என்பது வேறு. இந்த விதி இருக்கும்வரை எந்த அரசு எத்தனை கடை திறந்தாலும், பிராண்ட் பெயர் எழுதிய சீட்டோடு வரும் நோயாளி வாசலோடு திரும்ப வேண்டியதுதான். மலிவு விலைத் திட்டங்கள் பாதி வழியில் முடங்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். கடைகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் இதைப் பேசுவதில்லை.

அதனால் நீங்கள் முதலில் போகவேண்டியது மருத்துவரிடம். வேதியியல் பெயரில் எழுதித் தரும்படி கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்திருக்கிறீர்கள், தேவையில்லை. மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளே, ஜெனரிக் பெயரில், புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்கின்றன. 2016-ல் திருத்திய அந்த விதி இன்றும் நடப்பில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இதையே இன்னும் கடுமையாக்கி, எதிர்ப்பு வந்ததும் அந்த மாதத்திலேயே நிறுத்திவைத்தது. நிறுத்திவைத்தது புதிய விதியைத்தான், பழையது அப்படியே இருக்கிறது. சண்டைக்குப் போவதுபோல் இதைச் சொல்ல வேண்டாம். "டாக்டர், மாசம் இவ்வளவு ஆகிறது, கட்டுப்படியாகவில்லை, நடுவில் மாத்திரை விட்டுப்போகிறது. ஜெனரிக் பெயரில் எழுதித் தர முடியுமா?" என்றால் போதும். மாத்திரை விட்டுப்போகிறது என்று கேட்டபின் மறுக்கும் இதய மருத்துவர் அபூர்வம்.

அதே உட்காரலில் இன்னொன்றும் கேளுங்கள்: "இதில் இப்போது தேவையில்லாதது ஏதாவது இருக்கிறதா?" சீட்டில் ஒன்பது வரி இருக்கிறது என்கிறீர்கள். டிஸ்சார்ஜ் அன்று எழுதிய விட்டமின், டானிக் எல்லாம் ஒன்பது மாதம் கழித்தும் தொடர வேண்டியதில்லாமல் இருக்கலாம். பணத்தை மிச்சம் பிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் எதை எடுப்பது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வயிற்றுக்குத் தரும் பான்டோபிரசோல் சும்மா எழுதியதுபோல் தெரியும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்து வயிற்றில் ரத்தக் கசிவு உண்டாக்காமல் காப்பது அதுதான்.

புதுச் சீட்டு கைக்கு வந்ததும் கடைக்கு நேராகப் போய் நிற்காதீர்கள். முதல் நாளே போன் செய்து மருந்துப் பெயர், மில்லிகிராம், எத்தனை வேண்டும் எல்லாம் சொல்லி, இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் கடையிலும் எல்லா மருந்தும் எப்போதும் இருப்பில் இருப்பதில்லை. இந்தக் கடைகளின் மெய்யான குறை இது. கையில் ஒரு வாரத்துக்கான மாத்திரை இருக்கும்போதே அடுத்த மாதத்துக்குச் சொல்லிவைத்துவிட்டால் வரவழைத்துத் தருவார்கள். மாறிய முதல் இரண்டு மாதம் பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் வைத்து, சின்ன எழுத்துப் பெயரும் மில்லிகிராமும் ஒன்றா என்று பாருங்கள். பழையதையும் புதியதையும் சேர்த்துக் கொடுத்து ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும் விபத்து வீடுகளில் நடப்பதுண்டு.

மாமியாருக்கு ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை

சுகருக்கும் பிரஷருக்கும் வெளியில் மருந்து வாங்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். ரத்தம் பார்த்து, பதிவு செய்து, மாதத்துக்கான மாத்திரையைத் தருவார்கள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின் போன்றவை அங்கே வழக்கமாக இருப்பவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் சேர்த்துவிட்டால், தன்னார்வலர் வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பார். முழங்கால் வலியோடு வரிசையில் நிற்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இவரைப்போன்றவர்களுக்காகத்தான் அந்தத் திட்டம்.

"நாங்கள் அவ்வளவு இல்லாதவர்கள் இல்லை, அங்கே போனால் யாராவது என்ன நினைப்பார்கள்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கட்டும் வரியில் வாங்கிய மருந்து அது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலில் கொடுத்து அனுப்ப இதயம் காப்போம் திட்டத்தில் வைத்திருப்பதும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின்தான். உங்கள் கணவர் சாப்பிடும் அதே மூன்று.

பாதியாக உடைத்த சுகர் மாத்திரையைப் பற்றி: உடைத்துக் கொடுத்த நாட்களில் எடுத்த சுகர் அளவை வைத்து யாராவது மருந்தைக் கூட்டி எழுதிவிட்டார்களா என்று பாருங்கள். அப்படிக் கூட்டியிருந்து, இப்போது முழுதாகக் கொடுக்கத் தொடங்கினால் சுகர் இறங்கி மயக்கம் வரலாம். கிளிமிபிரைடு விஷயத்தில் இது நிஜமான ஆபத்து. முழு அளவுக்குப் போகும் முன் சுகாதார நிலையத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மருத்துவமனைக் கடை, காப்பீடு, வழக்கு

மருத்துவமனை தன் மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்தச் சட்டம் எதுவும் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமை சாசனம், மருந்தை எங்கே வாங்குவது என்பது நோயாளியின் விருப்பம் என்கிறது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் முன் இதே பிரச்சினை வந்தபோது, தானே உத்தரவு போடாமல், மாநில அரசுகள் இதற்குக் கொள்கை வகுக்க வேண்டும் என்று விட்டுவிட்டது. ஆக, இதில் கேள்வி கேட்கவேண்டியது மாநிலத்தைத்தான். வெளிநோயாளியாக இருக்கும் நீங்கள் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் யாரும் தடுக்க முடியாது.

வழக்கு என்றால் எதற்கு என்று பார்க்க வேண்டும். எம்.ஆர்.பி.க்குள் விற்றால், அது எவ்வளவு அநியாய விலையாகத் தோன்றினாலும் கடைக்காரர் மேல் வழக்கு நிற்காது. எம்.ஆர்.பி.க்கோ உச்சவரம்புக்கோ மேல் வாங்கினால், பில் தர மறுத்தால், அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது கணக்குக்கு மேல் காசு கேட்டால் நிற்கும். பத்து மாத்திரை அட்டையில் நான்கு வாங்கினால் நான்குக்கு உரிய விலைதான். விலைக் கட்டுப்பாட்டு ஆணையே அதைச் சொல்கிறது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதால் இனி பில் வாங்காமல் வராதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. அது உங்கள் பில்லில் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

காப்பீட்டு அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். மாதாமாதம் வாங்கும் மாத்திரை அதில் வராது. அட்டை இருப்பதால் மருந்துக்கும் பணம் வரவேண்டும், யாரோ அமுக்கிவிட்டார்கள் என்ற சந்தேகத்தை விட்டுவிடுங்கள். சில சிகிச்சைகளுக்குப் பிந்தைய பராமரிப்புத் தொகுப்பு உண்டு என்பதால், மருத்துவமனையில் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று இருக்கும் அலுவலரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

தைராய்டு மாத்திரையை மட்டும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். லெவோதைராக்சின் மிகச் சின்ன அளவில், மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கும் மருந்து. பிராண்டிலிருந்து ஜெனரிக்குக்கோ, ஒரு ஜெனரிக்கிலிருந்து இன்னொன்றுக்கோ போகும்போது சிலருக்கு அளவு கொஞ்சம் ஏறி இறங்கும். மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாறுவது நல்லதல்ல. செலவிலும் உங்கள் பட்டியலில் அதுதான் மலிவானது, மாற்றி மிச்சமாவது சொற்பம். மற்றதெல்லாம் நிலைக்கு வந்தபின் மாற்ற விரும்பினால், மாறிய ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்து, தேவைப்பட்டால் அளவைச் சரிசெய்து, அதன்பின் அதே கம்பெனி மாத்திரையிலேயே இருந்துவிடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுக்க வேண்டும். அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி.